தேயிலைப் பெட்டிப் பலகைக்குப் பின்னால் ஐந்து வால்வுகள்

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டீ மேக்கராகப் பணியாற்றி, ஓய்வு பெற்றுக் காலமான ஒருவரின் வீட்டில்தான் அந்த ஆம்ப்ளிஃபையர் எனக்குக் கிடைத்தது. அவருடைய மனைவி எங்கள் ஆலயத்திற்கு வருபவர். ஞாயிறு ஆராதனையில் நான் கிட்டார் வாசிப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருப்பவர். வடகிழக்குப் பருவமழையில் ஒழுகிய தகரக் கூரையை மாற்றுவதற்காகப் பின்னறையைக் காலி செய்தபோது என்னை அழைத்து, "எங்க வீட்டுக்காரர் வாலிபத்துல கிட்டார் வாசிச்ச பெட்டி ஒண்ணு மூலையில கெடக்குது தம்பி. இரும்புக் கடைக்குப் போட மனசு வரலை. நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

பழைய கம்பளிகளுக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டியை ஒரு கையால் நகர்த்த முடியவில்லை. அந்த எடைதான் முதல் சான்று. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் ஓர் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்; டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களான வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையரில் பெரும்பாலும் இரண்டு இருக்கும், மின்சாரத்தை வாங்குவதற்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒலியைக் கொடுப்பதற்கு மற்றொன்று. முன்புறத் துணியில் பூஞ்சை வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. பெயர்ப்பலகையோ நிறுவன முத்திரையோ எங்கும் இல்லை. பின்பலகையின் நான்கு திருகுகளைக் கழற்றி அதைத் திருப்பிப் பார்த்தபோது, உட்புறத்தில் கறுப்பு மையில் "பி.ஓ.பி." என்ற தேயிலை ரக எழுத்துகள் பாதி அழிந்த நிலையில் தெரிந்தன. தேயிலை ஏற்றுமதி செய்யும் பெட்டியின் ப்ளைவுட்டை அறுத்துத்தான் அந்தப் பலகையைச் செய்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே தச்சர் பென்சிலால், தமிழில், வால்வுகளின் வரிசையும் இரண்டு எண்களும் எழுதப்பட்டிருந்தன: "ஹெச்.டி. 290" (வால்வுகளுக்குப் போகும் உயர்மின்னழுத்தம்), "கேத்தோடு 10½" (வால்வில் எலக்ட்ரானை வெளிவிடும் முனையின் வோல்ட்). இது எங்கோ தொழிற்சாலையில் செய்த பொருள் அன்று, நம் பக்கத்து வானொலி மெக்கானிக் ஒருவர் கையால் கட்டியது என்பது அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்த கணத்தில் புரிந்தது. யார் என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை.

"கரண்ட் போட்டுப் பாக்கலாமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அவர் வயரை எடுத்தார். வேண்டாம் என்று உடனே தடுத்தேன். பல ஆண்டுகள் சும்மா கிடந்த வால்வுக் கருவியை நேரே பிளக்கில் செருகுவதுதான் அதை அழிக்கும் மிக எளிய வழி. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பழைய வால்வு வானொலியை அப்படித்தான் ஆவலில் செருகினேன். மின்னேற்றத்தைச் சேமிக்கும் மின்பகு கண்டன்சர் உள்ளே காய்ந்து போயிருந்தது; அது ஷார்ட் ஆகி, அரை நிமிடத்தில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. எரிந்த எனாமலின் நெடி அந்த அறையை விட்டுப் போக நாள்கள் பிடித்தன. அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று இன்றுவரை கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட பெட்டி கிடைக்கிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: வாங்கும் இடத்தில் "வேலை செய்கிறதா" என்று சோதிக்க விடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டும் இருக்கின்றனவா, கருகிய வாடை வருகிறதா, உள்வயரிங்கை யாராவது அறுத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் உள்ள எதையும் சரிசெய்துவிடலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வால்வுகளைத் துடைத்துப் பெயர்களைப் படித்தேன். முதல் நிலையில் ஈ.எஃப்.86, அடுத்து ஈ.சி.சி.83, கடைசியில் ஜோடியாக இரண்டு ஈ.எல்.84, மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்க ஈ.இசட்.81. இந்த வரிசையைக் கண்டதும் அமைப்பின் மூலம் தெரிந்துவிட்டது. இங்கிலாந்தின் முல்லார்டு நிறுவனம் 1954இல் வெளியிட்ட "5-10" என்னும் வரைபடத்தின் வரிசை இது. ஐந்து வால்வு, பத்து வாட் என்பதே அந்தப் பெயரின் பொருள். வீட்டிலேயே இசைத்தட்டு கேட்பதற்காகக் கட்டிக்கொள்ளும்படி வெளியிடப்பட்ட அந்த வரைபடத்தை உலகம் முழுவதும் மெக்கானிக்குகள் பின்பற்றினார்கள். எங்கள் மெக்கானிக் அதைக் கிட்டாருக்காக மாற்றியிருந்தார். அதே ஈ.எல்.84 வால்வுகள்தான் லண்டனுக்கு அருகில் டார்ட்ஃபோர்டில் உருவான வாக்ஸ் ஏ.சி.15, ஏ.சி.30 ஆகிய புகழ்பெற்ற கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களுக்கும் உயிர். என்னிடம் இருந்த இரண்டிலும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. அந்த நிறுவனம் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது 1960களில் என்பதால், பெட்டியின் வயதையும் ஓரளவு கணிக்க முடிந்தது.

பழைய ஆம்ப்ளிஃபையரைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போடுகிறார்கள். சிலர் எதையும் தொடக்கூடாது என்கிறார்கள். இரண்டும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். சேஸிஸ் என்னும் உலோகச் சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் மூன்றில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும்: இறந்துபோனது, ஆளைக் கொல்லக்கூடியது, வெறுமனே வயதானது. முதல் இரண்டையும் இரக்கமின்றி மாற்ற வேண்டும். மூன்றாவதை அளந்து பார்த்து, வேலை செய்தால் விட்டுவிட வேண்டும். இந்தப் பிரிவினையைச் செய்வதற்குத்தான் நேரம் முழுவதும் செலவாகிறது. பற்றவைக்கும் வேலை அதில் சிறு பங்குதான்.

மலையில் இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருக்கிறது: உலர்த்துவது. எங்கள் ஊரில் அலமாரியில் துணி பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு சிறு பல்பை எரியவிடும் வழக்கம் உண்டு. அதையே இங்கும் செய்தேன். வால்வுகளைக் கழற்றி, எண்ணிட்டு, பஞ்சில் சுற்றி வைத்துவிட்டு, சேஸிஸை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து 40 வாட் பல்பு ஒன்றைப் பத்து நாள் எரியவிட்டேன். அது பிப்ரவரி மாதம் என்பதால் வெளிக்காற்றும் வறண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் காகிதச் சுற்றுகளுக்குள் இருக்கும் ஈரம் வெயிலில் ஒரு நாள் வைத்தால் போய்விடாது. அவசரப்பட்டு ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் சுற்றுகளுக்கிடையே பொறி பாயும்.

உலர்ந்தபின் ஆளைக் கொல்லக்கூடியவற்றைத் தேடினேன். மூன்று இருந்தன. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், முன்பு பழுதுபார்த்த யாரோ தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார். மின்வயர் இரண்டு இழை மட்டுமே கொண்டது, எர்த் இல்லை. மூன்றாவது, மின் இணைப்பின் ஒரு முனையிலிருந்து சேஸிஸுக்குப் போட்டிருந்த ஒரு சிறிய மெழுகுக் கண்டன்சர். ஹம் சத்தத்தைக் குறைப்பதற்காக அக்காலத்தில் அதைப் போடுவார்கள். பிளக்கை எந்தப் பக்கம் செருகியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் முனைக்கு ஃபேஸ் வந்துவிடும். கண்டன்சர் ஒரு நாள் ஷார்ட் ஆனால் 230 வோல்ட் சேஸிஸுக்கும், அங்கிருந்து கிட்டார் கம்பிக்கும், கம்பியைத் தொட்டிருக்கும் விரலுக்கும் வந்து சேரும். வாசிப்பவர் மறு கையால் மைக்கைப் பிடித்தால் மின்னோட்டம் நெஞ்சு வழியாகப் போகும். அந்தக் கண்டன்சரை அறுத்தெறிந்தேன். மூன்று இழை வயர் போட்டு, எர்த் இழையைச் சேஸிஸில் தனித் திருகில் இறுக்கினேன். ஃபியூஸ் தாங்கி பொருத்தி 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். பிறகுதான் என் வீட்டுச் சுவரில் இருக்கும் எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்தேன். போகவில்லை. பழைய மலைவீடுகளில் மூன்றாம் ஓட்டை பெயரளவுக்கு இருப்பது சாதாரணம் என்பதால், இதை யாரும் விட்டுவிடக் கூடாது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து வயரைப் பிடுங்கிய பிறகும் மின்பகு கண்டன்சர்களில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் க்ளிப் வயர் பற்றவைத்து, கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதன் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரால் பூஜ்யம் என்று பார்த்த பின்பே உள்ளே தொடுவேன். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன்.

இறந்தவற்றைத் தேடும் வேலையை மின்சாரமின்றி, வெறும் ஓம் மீட்டரால் தொடங்கினேன். ஒலிபெருக்கிக்குப் போகும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில், நடு முனையிலிருந்து ஒரு ஈ.எல்.84க்குப் போகும் பாதிச் சுற்று 182 ஓம் காட்டியது; மறு பாதி எதையும் காட்டவில்லை. அறுந்துவிட்டது. அந்த வேளையில் எனக்கு உண்டான சோர்வைச் சொல்லி முடியாது. ஏனென்றால் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரின் குரல் பாதிக்கு மேல் அந்த இரும்பிலும் செம்பிலும்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து புதியது வரவழைக்கலாம்; ஆனால் அதைப் போட்டால் அது வேறொரு பெட்டியாகிவிடும்.

நல்ல வேளையாக எங்கள் மலைக்குக் கீழே இருப்பது கோயம்புத்தூர். பம்ப் மோட்டார் காயில் சுற்றுகிற கைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே கணபதி பகுதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரைப் பற்றி நண்பர் சொன்னார். வால்வுகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, சேஸிஸை மட்டும் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கும் பேருந்தில் வால்வுகளைச் சாக்கெட்டில் செருகியபடி கொண்டுபோனால் கண்ணாடி தப்பினாலும் உள்ளிருக்கும் மெல்லிய கம்பிகள் அசைந்துவிடும்.

பட்டறையில் பெரியவர் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, "எரியலைங்க தம்பி. எரிஞ்சிருந்தா வாசம் வந்திருக்கும்" என்றார். முழுவதையும் பிரித்துப் புதிதாகச் சுற்றிவிடலாமா என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். "அவசரப்படாதீங்க. எங்க அறுந்திருக்குன்னு பாக்காம எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டா, எத்தனை சுத்து, எப்படி அடுக்குனாங்கன்னு யாருகிட்டப் போய்க் கேக்கறதுங்க? புதுசாச் சுத்தறது கடைசி வேலைங்க."

அவர் ஓரங்களில் இருந்த மடிப்புகளை நிமிர்த்தி, இ வடிவ இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி, வந்த வரிசையிலேயே மேசையில் அடுக்கினார். மேலே சுற்றியிருந்த பழுப்பேறிய காகிதத்தைப் பிளேடால் கீறினார். தலைமுடியைவிட மெல்லிய எனாமல் கம்பி வெளிவயரோடு சேர்கிற இடத்தில், அரிசிமணி அளவு பச்சைக் களிம்பு. கம்பி அறுந்தது அங்கேதான். ஆசிட் கலந்த பேஸ்ட்டால் யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். மலையின் ஈரம் அதோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் செம்பை அரித்துத் தின்றுவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு சுற்றை மட்டும் தளர்த்தி, கம்பி முனையின் எனாமலை நகத்தால் சுரண்டுவது போல் மெதுவாகச் சுரண்டி, ரோசின் ஈயத்தால் பற்றவைத்து, புதிய காகிதம் வைத்து மூடினார். மீட்டர் 208 ஓம் காட்டியது. இரண்டு பாதிகளும் சமமாக இல்லையே என்று கேட்டேன். வெளியே சுற்றும் சுற்றுக்கு வட்டம் பெரிது, கம்பி அதிகம் பிடிக்கும், சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றுதான் என்று விளக்கினார்.

அதை உறுதி செய்யும் வழி எளியது. 6.3 வோல்ட் மாறுமின்னோட்டத்தை முதல்நிலைச் சுற்று முழுவதற்கும் கொடுத்து, ஒலிபெருக்கிப் பக்கம் அளந்தேன்: 0.2 வோல்ட். விகிதம் ஏறக்குறைய 31.5. அதை வர்க்கப்படுத்தினால் ஆயிரத்திற்கு மிக அருகில். 8 ஓம் ஒலிபெருக்கியால் பெருக்கினால் 8,000 ஓம். இரண்டு ஈ.எல்.84க்கு வேண்டிய சுமை அதுதான். பெரியவர் மோட்டார்களைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்து இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களின் மின்காப்பையும் பார்த்தார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 2 மெகா ஓம்தான் காட்டியது. வார்னிஷில் முக்கி அடுப்பில் சுட்டு எடுத்த பிறகு 100 மெகா ஓமைத் தாண்டியது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மோட்டாருக்குச் செய்யும் அதே வேலை, அதே அடுப்பு. ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கிறவர்கள் தங்கள் ஊரில் இப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது, விலையுயர்ந்த கருவிகள் வாங்குவதைவிடப் பயன் தரும்.

மற்ற இறந்த பாகங்கள் எதிர்பார்த்தவைதான். மின்பகு கண்டன்சர்களின் அடியில் பசை கசிந்து உலர்ந்திருந்தது. இவற்றைக் காப்பாற்ற முயல்வதில் பொருளில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து 47 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் கண்டன்சர்களை வரவழைத்து, பழைய அலுமினியக் குப்பியை இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் இணைப்புகளை மட்டும் துண்டித்து, புதியவற்றைச் சேஸிஸுக்கு அடியில் பொருத்தினேன். பெரிய மதிப்புப் போட்டால் ஹம் குறையும் என்று சிலர் 220 மைக்ரோ ஃபாரட் போடுகிறார்கள். ஈ.இசட்.81 வால்வுக்கு முதல் கண்டன்சர் 50 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒவ்வொரு அரைச்சுழற்சியிலும் கண்டன்சரை நிரப்பப் பாயும் மின்னோட்டம் வால்வின் கேத்தோடைச் சிதைத்துவிடும்.

அதன்பின் மின்சாரம் கொடுக்கத் துணிந்தேன், சீரிஸ் லேம்ப் வழியாக. ஒரு பலகையில் 100 வாட் குண்டு பல்பு ஹோல்டரை ஆம்ப்ளிஃபையருடன் தொடராக இணைத்துவிட்டால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிவதோடு சேதம் நின்றுவிடும். முதலில் எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்: பல்பு எரியவே இல்லை, நல்லது. பிறகு ஈ.இசட்.81 மட்டும். பிறகு முன்நிலை வால்வுகள். ஈ.எல்.84 இரண்டையும் செருகுவதற்கு முன், ஒலி உள்ளே நுழையும் கிரிட் முனையில் என்ன வோல்ட் இருக்கிறது என்று பார்த்தேன். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றில் 14 வோல்ட்.

இந்த 14 வோல்ட்தான் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் நோய். முந்தைய நிலையின் உயர்மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலியை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கண்டன்சர் காகிதமும் மெழுகும் கொண்டது. ஈரம் ஏறி அது கசியத் தொடங்கிவிட்டது. கிரிட்டில் இருந்த ரெசிஸ்டர் 470 கிலோ ஓம் என்பதால் கசிவு வெறும் 30 மைக்ரோ ஆம்பியர்தான். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் நிலையில் சோதித்தபோது அந்தக் கண்டன்சர் நலமாகவே தெரிந்தது. உயர் மின்னழுத்தம் வந்தால் மட்டுமே கசியும். அந்தச் சிறு கசிவு போதும், வால்வு மட்டுமீறிய மின்னோட்டம் இழுத்து, பிளேட் என்னும் உள்தகடு செவ்வொளியாகக் கனன்று, அப்போதுதான் பற்றவைத்த டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மெழுகுக் கண்டன்சர்கள் அனைத்தையும் மாற்றினேன். அதே பெட்டியில் கடுகு நிறத்தில் இரண்டு பாலியெஸ்டர் கண்டன்சர்கள் இருந்தன. அவை கசியவில்லை. அவற்றைத் தொடவில்லை.

ரெசிஸ்டர்களை அளந்தபோது 100 கிலோ ஓம் என்று வண்ணக்கோடு சொன்ன ஒன்று 138 காட்டியது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரத்தை உறிஞ்சி மதிப்பு கூடிப்போவது இயல்பு. இருபது சதவீதத்திற்கு மேல் விலகியவற்றையும், பின்னர் கரகரப்பு எழுப்பியவற்றையும் மாற்றினேன், மற்றவற்றை விட்டுவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் நெடுநேரம் யோசித்தேன். ஒலிபெருக்கிப் பக்கத்திலிருந்து முதல் நிலைக்குத் திரும்பி வரும் ஃபீட்பேக் ரெசிஸ்டர், முல்லார்டு வரைபடத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. அளந்தால் வண்ணக்கோட்டின் மதிப்பும் அதுவே. எனவே வயதால் வந்த விலகல் அன்று. பிழையென்று எண்ணித் திருத்த கை நீண்டது. ஆனால் அந்த மெக்கானிக் மற்ற இடங்களில் எவ்வளவு நேர்த்தியாக வயரைக் கட்டியிருக்கிறார் என்று பார்த்தபோது, இதையும் தெரிந்துதான் செய்திருப்பார் என்று தோன்றியது. அந்த ரெசிஸ்டர் பெரிதானால் ஃபீட்பேக் குறையும். ஃபீட்பேக் அதிகமானால் ஒலி துல்லியமாகும். இசைத்தட்டுக்கு அது தேவை. குறைத்தால் பெருக்கம் கூடும், கம்பியை அழுத்தி மீட்டும்போது ஒலி சட்டென்று உடையாமல் சிறிது சிறிதாகக் கரகரக்கும். கிட்டாருக்கு அதுதான் வேண்டும். அவர் காதால் கேட்டு முடிவு செய்திருக்கிறார். அந்த ரெசிஸ்டரை அப்படியே விட்டேன். கையால் கட்டிய பெட்டியை வரைபடத்தை வைத்துத் "திருத்துகிறவர்கள்" முதலில் அழிப்பது இப்படிப்பட்ட முடிவுகளைத்தான்.

ஈ.எஃப்.86 வால்விலும் அவர் கை தெரிந்தது. அந்த வால்வுக்குப் பெருக்கம் மிக அதிகம். ஒலிபெருக்கியோடு ஒரே பெட்டிக்குள் இருந்தால் அதிர்வை வாங்கி மணிபோல ஒலிக்கும். வாக்ஸ் நிறுவனமே தன் ஏ.சி.30இன் தொடக்க வடிவத்தில் இந்த வால்வை வைத்து, அது அதிர்வில் தொல்லை கொடுத்ததால் பின்னர் ஈ.சி.சி.83க்கு மாறியது. எங்கள் மெக்கானிக் வேறு வழி கண்டிருந்தார்: அந்த ஒரு சாக்கெட்டை மட்டும் சேஸிஸில் நேரே இறுக்காமல், சைக்கிள் டியூபை வட்டமாக நறுக்கி, நான்கு ரப்பர் வளையங்களின் மேல் மிதக்க விட்டிருந்தார். வளையங்கள் கல்லாக இறுகிப்போயிருந்தன. அந்த நிலையில் பென்சிலால் வால்வைத் தட்டினாலே ஒலிபெருக்கியில் டங்கென்று கேட்கும். புதிய சைக்கிள் டியூப் வாங்கி, அதே அளவில் நறுக்கி, அதே இடத்தில் வைத்தேன். வால்வை மாற்றத் தேவையே வரவில்லை.

இறுதி வால்வுகளைச் செருகி, ஒலிபெருக்கியை இணைத்திருக்கிறேனா என்று இருமுறை பார்த்த பின் மின்சாரம் கொடுத்தேன். ஒலிபெருக்கி இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டினால், போக இடமில்லாத ஆற்றல் டிரான்ஸ்ஃபார்மரின் மின்காப்பைத் துளைத்துவிடும். பல்பு ஒருகணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கிச் செம்மையாக நின்றது. சீரிஸ் லேம்பை அகற்றி நேரடியாகக் கொடுத்தபோது உயர்மின்னழுத்தம் 296 வோல்ட்; இரண்டு வால்வுகளுக்கும் பொதுவான 130 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரில் 10.6 வோல்ட். பலகையில் பென்சிலால் எழுதியிருந்த 290க்கும் 10½க்கும் அவ்வளவு அருகில் வந்தது கண்டு சற்று நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வால்வுகள் இரண்டும் சமமாக உழைக்கின்றனவா என்று அறிய டெஸ்டர் தேவையில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதியில் 6.7 வோல்ட் இறங்கியது. அதை 182 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 37 மில்லி ஆம்பியர். மறு பாதியில் 7.4 வோல்ட், 208ஆல் வகுத்தால் ஏறத்தாழ 36. இவ்வளவு நெருக்கம் போதும். ஒவ்வொரு வால்வின் பிளேட்டிலும் செலவாவது 10 வாட்டுக்குச் சற்று மேல், ஈ.எல்.84இன் எல்லை 12 வாட். பெங்களூரு வால்வுகள் இன்னும் நல்ல நிலையில் இருந்தன. அளக்கும் முன்பே புது ஜோடி ஒன்றுக்குப் பணம் அனுப்பியிருந்தேன். அது இன்றும் அட்டைப்பெட்டியில் மாற்றாக இருக்கிறது. எங்கள் பகுதியில் மாலையில் 215 வோல்ட்டும் நள்ளிரவில் 248 வோல்ட்டும் வருவதால், ஒரே நேரத்து அளவை நம்பாமல் இரவிலும் ஒருமுறை அளந்தேன்.

பிறகும் ஒரு ஹம் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய எனக்குப் பிடித்த வழி கிட்டாரிலேயே இருக்கிறது. ஆறாம் கம்பியின் மூன்றாம் கட்டையை மீட்டினால் வரும் சுரம் நொடிக்கு 98 அதிர்வு. ஹம் அந்தச் சுரத்தோடு ஏறக்குறைய ஒத்துப் போனால் அது 100 அதிர்வு. மின்சாரத்தைச் சீராக்கும் கண்டன்சர்களைச் சந்தேகிக்கலாம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 அதிர்வு. வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங், எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எனக்குக் கேட்டது கீழ் ஸ்தாயி. ஹீட்டர் சுற்றுக்கு நடு முனை இல்லை. ஒரு முனையை நேரே சேஸிஸில் இணைத்திருந்தார்கள். அந்த இணைப்பை எடுத்துவிட்டு, இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றைச் சேஸிஸுக்குப் போட்டேன். ஹம் அடங்கியது. இது இறந்த பாகமும் அன்று, கொல்லும் பாகமும் அன்று. ஆனாலும் இரண்டு ரெசிஸ்டரை அறுத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம் என்பதால் இந்த மாற்றத்தை எனக்கு நானே அனுமதித்தேன்.

ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் கரப்பான் கடித்த ஓட்டைகள் இருந்தன. டிஷ்யூ காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து இருபுறமும் ஒட்டினேன். கத்தரித்த ஓரத்தைவிடக் கிழித்த ஓரம் கூம்போடு நன்றாகப் படியும். பெட்டியின் பூஞ்சையை வினிகர் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்தேன். முன்புறத் துணியை மாற்றவில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்கு அதைக் கொண்டுபோனது சித்திரை மாதத்தில். வால்வுகள் சூடாக அரை நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டு, பழைய கீர்த்தனை ஒன்றின் முதல் அடிகளை மெதுவாக வாசித்தேன். அவர் வாசலில் நின்றபடியே கேட்டார். சற்றுப் பொறுத்து உள்ளே வந்து, பின்பக்கத்துத் துளைகள் வழியாகத் தெரிந்த செவ்வொளியைக் குனிந்து பார்த்து, "இந்த வெளிச்சத்தைத்தான் பிள்ளைங்க பாத்துட்டே தூங்குவாங்க" என்றார்.

அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஒரு மணி நேரமாவது அதை ஓடவிடுகிறேன். வால்வுகளின் வெப்பமே ஈரத்தை விரட்டிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பின்பலகையைக் கழற்றி இரண்டு அளவுகளை எடுத்து, அந்த மெக்கானிக்கின் எழுத்துக்குக் கீழே, நானும் பென்சிலால் குறிக்கிறேன். இந்த ஆண்டு 294, 10.4.